ஹைரிஸ்க் கர்ப்பம்: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் எந்த வாரம், எங்கே, என்ன செய்ய வேண்டும்

எங்கள் மாவட்டங்களில் கர்ப்பத்தை மாசக்கணக்கில்தான் எண்ணுவோம். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். ஐந்தில் பெரிய ஸ்கேன், ஏழில் வளைகாப்பு, அப்புறம் தாய்வீடு. எல்லாம் ஒழுங்காகப் போகும் கர்ப்பத்துக்கு இந்தக் கணக்கால் பெரிய தொந்தரவு இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு இழந்த குழந்தை, சொந்தத்தில் கல்யாணம் என்று ஏதாவது ஒன்று சேர்ந்து ஹைரிஸ்க், அதாவது ஆபத்து கூடிய கர்ப்பம் ஆகிவிட்டால் அதே கணக்கு காலை வாரிவிடும். கர்ப்பகாலப் பரிசோதனைகள் வாரக்கணக்கில் நடப்பவை. சிலவற்றுக்கு மூன்று வாரம்தான் அவகாசம். விட்டால் திரும்பச் செய்ய முடியாது. அரூரிலோ அஞ்செட்டியிலோ இருந்துகொண்டு சேலத்துக்கும் பெங்களூருக்கும் போய்வர வேண்டியவர்களுக்கு அந்த மூன்று வாரமும் இன்னும் சுருங்கும்.

மருந்தும் அதன் அளவும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை. எப்போது போவது, எங்கே போவது, என்ன கேட்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பதிவும் தேதியும்

நாள் தள்ளிப்போய், வீட்டில் செய்த சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்ததும் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி பிக்மி நம்பர் வாங்கிவிடுங்கள். அரசின் கர்ப்பப் பதிவுக்கான 12 இலக்க எண் அது. தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் வேண்டும், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். 12 வாரத்துக்குள் பதிந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் வழி திறக்கும். ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து மொத்த மதிப்பு 18,000 ரூபாய். ஊருக்குச் சொல்வதற்கு மூன்று மாதம் காத்திருப்பது உங்கள் விருப்பம், செவிலியரிடம் சொல்ல மட்டும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது தேதி. வாரக்கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. மாதவிலக்கு சீராக வராதவர்களுக்கும், தேதி நினைவில்லாதவர்களுக்கும் 7 முதல் 9 வாரத்துக்குள் எடுக்கும் முதல் ஸ்கேன்தான் அடித்தளம். ஏழாம் மாதத்தில் வேறு ஒரு சென்டரில் ஸ்கேன் எடுத்து, அதில் பிரசவத் தேதி இரண்டு வாரம் தள்ளி வந்திருந்தால், 'தேதி மாறிவிட்டது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் ஸ்கேன் சொன்ன தேதிதான் செல்லும். அந்த இரண்டு வார வித்தியாசம் குழந்தை சரியாக வளரவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம், அதைத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: நீங்கள் ஹைரிஸ்க்கா?

முதல் வருகையிலேயே ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, சிறுநீர், ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் எல்லாம் பார்த்துவிடுவார்கள். அவற்றின் முடிவோடு பழைய கதையையும் சேர்த்துத்தான் ஹைரிஸ்க் என்று முடிவு செய்வார்கள். வயது 35-ஐத் தாண்டியிருப்பது, உயரம் 145 செ.மீ.க்குக் குறைவு, இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன், குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறந்தது, அடுத்தடுத்துக் கருக்கலைவு, வலிப்பு நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, நெகட்டிவ் ரத்த வகை: இவற்றில் ஒன்றே போதும்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகப் பழைய கருக்கலைவைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய. செவிலியரிடம் 'தனியாகப் பேசணும்' என்று சொன்னால் போதும், அவர் பார்த்துக்கொள்வார்.

18 வயது நிறையாத பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஓயவில்லை. 18-க்குக் கீழே கர்ப்பம் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போகும், அதற்குப் பயந்து பெண்ணை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். இந்த வயதில் ரத்தசோகை, பிரசவ வலிப்பு, குறைமாதம் எல்லாமே கூடுதல். வழக்கைச் சந்திப்பது கஷ்டம்தான், ஆனால் வலிப்பு வந்த பிறகு நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடுவது உயிரோடு விளையாடுவது.

மூன்றாம் படி: சொந்தத்தில் கல்யாணம் என்றால்

தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். இதில் பயமுறுத்துகிறவர்களும் உண்டு, 'நாங்களெல்லாம் பிறக்கலையா' என்று தட்டிவிடுகிறவர்களும் உண்டு. உள்ள நிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாட்டோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2, 3 இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாய்மாமன் உறவு மரபணு வகையில் அதைவிட நெருக்கமானது, அதனால் ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடும். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன.

முக்கியமான விஷயம் வேறு. இந்தக் கூடுதல் ஆபத்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளால் வருவதல்ல. கணவன் மனைவி இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்து, இரண்டும் குழந்தையில் சேரும்போது வருவது. தாயின் ரத்தத்தை எடுத்துக் குழந்தையின் குரோமோசோம் கோளாறுக்கான வாய்ப்பைக் கணக்கிடும் இரட்டை மார்க்கரோ, விலை உயர்ந்த என்ஐபிடி சோதனையோ இதைக் கண்டுபிடிக்காது. 'எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, நார்மல்' என்று சொந்தத்தில் கட்டியவர்கள் நிம்மதியாகிவிடுவதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

அப்படியானால் என்ன செய்வது? குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமை, மனவளர்ச்சிக் குறைபாடு, தசை பலவீனம், பிறந்த சில நாளில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தை உண்டா என்று மூன்று தலைமுறைக்கு எழுதி எடுத்துக்கொண்டு போய் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட குழந்தை உயிரோடு இருந்தால் முதலில் அந்தக் குழந்தையின் மரபணுவைச் சோதிப்பார்கள். எந்த மரபணு என்று தெரிந்தால்தான் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அது இருக்கிறதா என்று பார்க்க முடியும். அந்தச் சோதனைக்கு வாரங்கள் பிடிக்கும் என்பதால் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது.

தலசீமியா, அரிவாள் அணு ரத்தசோகை இரண்டும் இதே வகைதான். இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை என்றாலும், மலைவாழ் குடும்பம் என்றாலும் ஹெச்பிஎல்சி என்ற ரத்தச் சோதனை கேளுங்கள். மனைவியிடம் அந்தப் பழுதான மரபணு மறைந்திருந்தால் அந்த வாரமே கணவருக்கும் எடுக்க வேண்டும். இருவரிடமும் மறைந்திருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

நான்காம் படி: 11 முதல் 13 வாரம்

மொத்தக் கர்ப்பத்திலும் எளிதில் தவறிப்போகும் கட்டம் இது. என்டி ஸ்கேன் 11 வாரம் தொடங்கி 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். 'மூணு மாசம் முடியட்டும்' என்று இருந்தால் தீர்ந்தது. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் தடிமனை அளப்பார்கள், மூக்கெலும்பைப் பார்ப்பார்கள். அதே நாளில் இரட்டை மார்க்கர் ரத்தமும் எடுத்துவிடலாம். கழுத்து நீர் 3.5 மி.மீ. தாண்டினால் ரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் கருநல மருத்துவரிடம் போக வேண்டும். ஃபீட்டல் மெடிசின் டாக்டர் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். சேலம், பெங்களூரு, சென்னை மூன்றிலும் இருக்கிறார்கள். ஓசூர்க்காரர்களுக்கு 40 கி.மீ. தூரத்தில் பெங்களூரு, தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம்.

இரட்டைக் குழந்தை என்றால் இதே ஸ்கேனில் நச்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று கேட்டு, ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். பின்னால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றொன்றுக்குப் பாயும் ஆபத்து உண்டு. 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும்.

முந்தைய கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, சர்க்கரையோ சிறுநீரக நோயோ இருந்தாலோ ஆஸ்பிரின் பற்றி இப்போதே கேளுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஐந்தாம் மாதத்தில் பிபி ஏறிய பிறகு தொடங்குவதில் பெரிய பயன் இல்லை. நீங்களாகக் கடையில் வாங்கிப் போட வேண்டாம், கேட்பது மட்டும் உங்கள் வேலை.

ஐந்தாம் படி: '1:250' என்றால் என்ன

இரட்டை மார்க்கர் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் 'ஹை ரிஸ்க்' என்று வந்ததும் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. 1:200 என்று வந்திருந்தால், அதே முடிவு வந்த 200 பெண்களில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும், 199 பேருக்கு இருக்காது என்று பொருள். பொதுவாக 1:250-ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். வயதும் இதில் சேரும். பிரசவ வயது 25 என்றால் ஆபத்து ஏறக்குறைய 1,250-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று. அதேபோல 'லோ ரிஸ்க்' என்றால் நிச்சயமாக இல்லை என்றும் அர்த்தமில்லை. இவை சலித்தெடுக்கும் சோதனைகள், முடிவு சொல்பவை அல்ல.

என்ஐபிடியும் சலித்தெடுப்பதுதான், சலிப்பு இன்னும் நுணுக்கமானது. 10 வாரத்திலிருந்து தாயின் ரத்தத்தில் செய்யலாம். டவுன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிடித்துவிடும். பல ஆயிரம் ரூபாய் ஆகும், முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பாசிட்டிவ் என்று வந்தாலும் அதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

உறுதி சொல்பவை இரண்டு. 11 வாரத்துக்குப் பிறகு நச்சுக்கொடியிலிருந்து திசு எடுப்பது. 15, 16 வாரத்திலிருந்து பனிக்குட நீர் எடுப்பது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி போடுவார்கள். இதனால் கரு கலையும் வாய்ப்பு பழகிய கைகளில் 200-ல் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. நெகட்டிவ் ரத்த வகை என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பு உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை இதற்குப் பிறகு போட நினைவூட்டுங்கள்.

இப்போது நாட்களைக் கூட்டிப் பாருங்கள். 13-ஆம் வாரம் இரட்டை மார்க்கர். முடிவு கைக்கு வர 14. என்ஐபிடி எடுத்து முடிவு வர 16. பாசிட்டிவ் என்றால் பனிக்குட நீர்ச் சோதனை. முதல்கட்ட முடிவு சில நாளில் வரும், முழுக் குரோமோசோம் முடிவுக்கு இரண்டு மூன்று வாரம். அப்போது 19 அல்லது 20. தீவிரக் குறைபாடு உறுதியாகி, பெற்றோர் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தால், 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 20 முதல் 24 வரை இரண்டு மருத்துவர்கள், அதற்கு மேல் மாநில மருத்துவ வாரியம். தொடக்கத்தில் ஒரு மாதம் தாமதித்தால் இந்தச் சங்கிலி முழுக்க 24-ஐ ஒட்டி வந்து நிற்கும். பெற்றோர் யோசிக்கக்கூட நேரம் இருக்காது. 1:50 போல ஆபத்து மிக அதிகமாக வந்தால் என்ஐபிடியில் நேரத்தையும் பணத்தையும் விடாமல் நேரே பனிக்குட நீருக்குப் போவதுதான் சரி என்பது என் எண்ணம். மருத்துவரிடம் இந்தக் கேள்வியையே கேளுங்கள்.

ஆறாம் படி: 18 முதல் 24 வாரம்

'பெரிய ஸ்கேன்' என்பது 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது. ஐந்து மாதம் முடிந்து, நல்ல நாள் பார்த்துப் போனால் 22, 23 ஆகிவிடும். முதுகெலும்பு, மூளை, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், உதடு, கை கால் எல்லாம் இதில் பார்ப்பார்கள். சர்க்கரை இருந்தவர்கள், சொந்தத்தில் கட்டியவர்கள், முன்பு இதயக் கோளாறோடு குழந்தை பெற்றவர்கள் ஆகியோருக்குக் குழந்தையின் இதயத்துக்கான தனி ஸ்கேனான எக்கோ 20 முதல் 24 வாரத்துக்குள் நடக்கும்.

குறை தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், பல இதய ஓட்டைகள் சிகிச்சையில் சரியாகக்கூடியவை. முன்கூட்டியே தெரிவதால் வரும் லாபம், குழந்தையை எங்கே பிறக்க வைப்பது என்று தீர்மானிக்கலாம் என்பதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்திலேயே வாங்கி வைக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும்.

இன்னொன்று. ஆணா பெண்ணா என்று சொல்வதாக ஏஜென்ட் மூலம் அழைத்துப்போய், ஏதோ ஒரு வீட்டில் கையடக்கக் கருவியை வைத்துப் பார்க்கும் கும்பல்கள் எங்கள் பகுதியில் பிடிபட்டிருக்கின்றன. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தர்மபுரிக்கும் நீட்டிக்க வேண்டி வந்த மண் இது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணா பெண்ணா என்று கேட்பவர்களுக்கும் மூன்று ஆண்டு சிறை, 50,000 ரூபாய் அபராதம் வரை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த ஸ்கேனில் குழந்தையின் இதயத்தையோ முதுகெலும்பையோ யாரும் பார்ப்பதில்லை. பதிவுச் சான்றை மாட்டிவைத்து, படிவத்தில் கையெழுத்து வாங்கும் சென்டருக்கே போங்கள்.

ஏழாம் படி: சர்க்கரை, பிபி, ரத்தம்

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறு கட்டாயமில்லை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை. முதல் வருகையிலும் 24–28 வாரத்திலும் செய்ய வேண்டும். கேழ்வரகுக் களி நல்லதென்று அளவில்லாமல் சாப்பிடுகிறவர்கள் உண்டு. களியும் மாவுச்சத்துதான், ஒரு சின்ன உருண்டையும் நிறையக் கீரையும் என்று மாற்றிக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில் சர்க்கரை அளவு எகிறுவது ஒன்றும் ரகசியமில்லை.

பிபி 140/90 எல்லை. 160/110 என்றால் அவசரம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் கை வீக்கம் இதில் எது வந்தாலும் 'பித்தம்' என்று இஞ்சிச்சாறு கொடுத்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் சரியாகிறது என்றால் இதய எக்கோ கேளுங்கள்.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே ரத்தசோகை, 7-க்குக் கீழே உயிருக்கு ஆபத்து. இரும்பு மாத்திரையை டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம், அதை அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம். குடிநீருக்கு ஃப்ளூரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றைவிட ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் மேல்.

நெகட்டிவ் ரத்த வகையும் கணவருக்குப் பாசிட்டிவும் என்றால் 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி. குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கிறது, மகப்பேறு மருத்துவரே பார்ப்பார். ஊரில் ஸ்பெஷலிஸ்ட் இல்லாதவர்கள் அதை விடக் கூடாது.

எட்டாம் படி: எங்கே பிரசவம்

28 வாரத்துக்குள் இதை முடிவு செய்துவிட வேண்டும். நான்கு கேள்வி போதும். ராத்திரி இரண்டு மணிக்கு மகப்பேறு மருத்துவர் இருப்பாரா? மயக்க மருந்து டாக்டர்? ரத்த வங்கி? பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு? ஒன்றுக்கு 'கூப்பிட்டால் வருவார்' என்று பதில் வந்தாலும் ஹைரிஸ்க் பிரசவத்துக்கு அந்த இடம் போதாது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேலே சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்பது அரசு வழி. முன்பு சிசேரியன் ஆகி, இப்போது நச்சுக்கொடி கீழே இறங்கி இருந்தால் அது தழும்பில் ஒட்டி வளர்ந்திருக்கக்கூடும். பிரித்தெடுக்கும்போது ரத்தம் ஆறாகப் போகும். இப்படிப்பட்டவர்கள் சின்ன மருத்துவமனையை நினைக்கவே கூடாது.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிற வழக்கத்தை இங்கேதான் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. தாய்வீடு பெரிய மருத்துவமனைக்கு அருகில் இருந்தால் போகலாம். இல்லையென்றால் அம்மா இங்கே வந்து இருக்கட்டும். போவது முடிவானால் 32 வாரத்துக்குள் அந்த ஊர் மருத்துவரை ஒருமுறை நேரில் பார்த்து, எல்லா ரிப்போர்ட்டையும் காட்டிப் பதிந்துவிட வேண்டும். பெங்களூரில் பிரசவம் என்றால் பிறப்பை அங்கேதான் பதிவார்கள்.

சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் போன்ற மலை ஊர்க்காரர்கள் பிரசவத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே இறங்கிவிட வேண்டும். இரட்டைக் குழந்தை, பிபி என்றால் இன்னும் முன்னால். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை ரோட்டில் ராத்திரி யானை நின்றால் 108 வண்டியும் நிற்கத்தான் செய்யும். தங்க இடமில்லை என்றால் பிரசவக் காத்திருப்பு அறை எங்கே இருக்கிறது என்று செவிலியரிடம் கேளுங்கள்.

34 வாரத்துக்கு முன் வலி வந்தால் குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியை அனுப்புகிற மருத்துவமனையிலேயே தொடங்கலாமா என்று கேளுங்கள். பயண நேரம் வீணாகாது. குழந்தையின் அசைவு குறைந்தது, பனிக்குடம் உடைந்தது, ரத்தம் பட்டது என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் மட்டும் என்றால் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அழைக்கலாம்.

ஒன்பதாம் படி: பிரசவத்துக்குப் பிறகு

பிபி இருந்தவர்களுக்கு வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம், அதனால் முதல் வாரம் பிபி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை இருந்தவர்கள் 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் குளுக்கோஸ் சோதனை செய்து, பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும், டிஸ்சார்ஜ் அட்டையையும் ஒரே ஃபைலில் வையுங்கள். குழந்தை தவறியிருந்தால் அந்த ரிப்போர்ட்டுகளைக் கோபத்திலோ துக்கத்திலோ கிழித்துவிடாதீர்கள். அடுத்த கர்ப்பத்தில் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். முதுகெலும்பு மூடாத குழந்தை பிறந்திருந்தால், அடுத்த முறை கருத்தரிக்கத் திட்டமிடும்போதே 5 மி.கி. ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்குவது என்று கேட்டு, கர்ப்பத்துக்கு முன்பே சாப்பிட ஆரம்பித்திருக்க வேண்டும்.